நினைவிழந்து வரும் குழந்தை: முதல் ஒரு மணி நேரத்தில் எதற்கு அடுத்து எது?

முதலாண்டு_பிஜி எழுதியது:

வணக்கம். குழந்தைகள் மருத்துவத்தில் முதலாண்டு மேற்படிப்பு படிக்கிறேன். வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த ஒரு கேஸை இங்கே வைக்கிறேன்.

4 வயதுப் பையன். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. காலையில் வலிப்பு வந்திருக்கிறது. வலிப்பு நின்று முக்கால் மணி நேரம் ஆகியும் கண் திறக்கவில்லை. நகத்தை அழுத்தினால் கையை இழுத்துக்கொள்கிறான், லேசாக முனகுகிறான், அவ்வளவுதான். கிளாஸ்கோ ஸ்கோர் (கண், பேச்சு, அசைவை வைத்து நினைவின் அளவுக்கு 3 முதல் 15 வரை போடும் மதிப்பெண்) 7 என்று போட்டோம்.

அடுத்து என்ன என்று கேட்டபோது வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் உடனே சிடி ஸ்கேன் என்றார்கள். மீதிப் பேர் மூளையுறைக் காய்ச்சலாகத்தான் இருக்கும், முதலில் எல்பி செய்து, அதாவது முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்போம் என்றார்கள். ஒருவர் மட்டும் "8க்குக் கீழே என்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும்" என்றார். பாடப் புத்தகத்தில் காரணங்களின் பட்டியலே இரண்டு பக்கம் ஓடுகிறது. கையில் குழந்தை இருக்கும்போது அந்தப் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

---

நிலா_ஐசியு எழுதியது:

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பட்டியலை அப்படியே மூடி வையுங்கள், அது இரண்டாவது மணி நேரத்துக்கு. உங்கள் வகுப்பில் இரண்டு தரப்புமே நோயின் பெயரைத் தேடுகிறது. முதல் பத்து நிமிடத்தில் பெயர் தேவையில்லை. என்ன நோயாக இருந்தாலும் மூளை கூடுதலாகச் சேதமாவது ஐந்தாறு வழிகளில்தான்: ஆக்சிஜன் குறைவு, ரத்த அழுத்தம் குறைவு, சர்க்கரை குறைவு, நிற்காத வலிப்பு, மண்டைக்குள் ஏறும் அழுத்தம், அதிகக் காய்ச்சல். முதல் நோயை நாம் தடுத்திருக்க முடியாது. இந்த இரண்டாவது அடியைத் தடுக்க முடியும், அதுதான் நம் வேலை.

ஆகவே முதலில் மூச்சுப்பாதை. தாடையைத் தூக்கி, சளியை உறிஞ்சி, ஆக்சிஜன் வைத்து, மூச்சு போதவில்லை என்றால் பேக்-மாஸ்க். அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் கழுத்தை அசைக்காமல் செய்யுங்கள். ஐவி லைன் கிடைக்காமல் தடுமாறிக்கொண்டே இருக்க வேண்டாம், எலும்புக்குள் ஊசி போட்டுவிடுங்கள். ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் சர்க்கரை பார்த்துவிட வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கு ஒரு கணக்கு: 1 முதல் 10 வயது வரை சிஸ்டாலிக் அளவின் கீழ் எல்லை 70 + வயதின் இரு மடங்கு. உங்கள் பையனுக்கு 78. ஆனால் அது கீழ் எல்லை மட்டுமே, அங்கே போய்த் திருப்தியாக நின்றுவிடக் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தத்தை உந்துவது, சராசரி ரத்த அழுத்தத்துக்கும் மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். மூளை வீங்கியிருக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்தால் இரண்டு பக்கமும் அடி. "மூளை வீக்கம், அதனால் திரவம் கொடுக்காதே" என்று ஷாக்கில், அதாவது உடலுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலையில், இருக்கும் குழந்தையைக் காயப்போடுவதை இன்னமும் பார்க்கிறேன். ஷாக்கை முதலில் சரிசெய்யுங்கள். கொடுப்பது நார்மல் சலைன் மாதிரி ஐசோடானிக் (ரத்தத்தின் உப்பளவுக்கு ஈடான) திரவமாக இருக்கட்டும். உப்புச் சத்து குறைந்த திரவம் ரத்த சோடியத்தை இறக்கி வீக்கத்தைக் கூட்டும்.

காய்ச்சலோடு வந்த குழந்தை என்பதால் ரத்த கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்துவிட்டு, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸ். மூளை அழற்சியை விலக்க முடியாதவரை ஹெர்பீஸ் வைரஸுக்கான அசைக்ளோவிர். மலேரியா உள்ள பகுதியிலிருந்து வந்திருந்தால் அந்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஆர்ட்டிசுனேட்டும். இவை எதுவும் சிடிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எல்பிக்காகவும் இல்லை.

---

இரவுப்பணி_சிஸ்டர் எழுதியது:

மேடம் சொன்னதில் சர்க்கரை பற்றி நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அவசரப் பிரிவில் பத்து பேர் கூடி நிற்கும்போது "சர்க்கரை பார்த்தாச்சா?" என்று எல்லோரும் கேட்பார்கள், யாரோ பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த வேலையை ஒருவர் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அளவை அவர் சத்தமாகச் சொல்லட்டும்.

45க்குக் கீழே, சத்துக்குறைவான குழந்தை என்றால் 54க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். சில வழிகாட்டுதல்களில் கிலோவுக்கு 2 மி.லி., உலக சுகாதார நிறுவனம் 5 மி.லி. என்கிறது. உங்கள் பிரிவில் எது நடைமுறையோ அதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 10 சதவீதம் கையில் இல்லை, 25 சதவீதம்தான் இருக்கிறது என்றால், 20 மி.லி. எடுத்து 30 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் சேர்த்தால் 50 மி.லி. தயார். 50 சதவீதம் என்றால் 10 மி.லி.க்கு 40 மி.லி. தண்ணீர். 50 சதவீதத்தைக் கலக்காமல் அப்படியே சின்னக் குழந்தையின் நரம்பில் ஏற்றிவிடாதீர்கள். கொடுத்து கால் மணியிலிருந்து அரை மணிக்குள் மறுபடி பாருங்கள், அதற்குள் இறங்கிவிடுகிற குழந்தைகள் உண்டு.

இன்னொன்று ஸ்கோர் பற்றி. தயவுசெய்து "ஜிசிஎஸ் 7" (கிளாஸ்கோ ஸ்கோர் 7) என்று மட்டும் எழுதாதீர்கள். கண் 1, பேச்சு 2, அசைவு 4 என்று பிரித்து எழுதுங்கள். மொத்தம் 7 என்பது பல விதத்தில் வரும். ஷிஃப்ட் மாறி வருகிற எனக்கு, அசைவு 4லிருந்து 3 ஆகிவிட்டது என்பதுதான் டாக்டரை எழுப்புகிற செய்தி. கண் ஒரு புள்ளி ஏறி அசைவு ஒரு புள்ளி இறங்கினால் மொத்தம் அதே 7 தான், பேப்பரில் எல்லாம் நலமாகத் தெரியும்.

வலி கொடுத்துப் பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். நகத்தின் அடிப்பகுதியில் பேனாவை வைத்து மெதுவாக அழுத்தம் கூட்டிக்கொண்டே போங்கள். அதற்குப் பதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், புருவத்துக்குக் கீழே எலும்பு விளிம்பில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நகத்தை அழுத்தும்போது கை மடங்குவது இழுத்துக்கொள்வதா, மூளைப் பாதிப்பால் தானாக வரும் டிகார்ட்டிகேட் மடக்கமா என்று குழப்பம் வரும். புருவத்தை அழுத்தும்போது கை முகத்தை நோக்கி எழுந்து நம் விரலைத் தள்ள வந்தால் அது 5. இரண்டு பக்கமும் பாருங்கள், நல்ல பக்கத்தின் மதிப்பெண்ணை எழுதுங்கள், வித்தியாசம் இருந்தால் அதையும் தனியாகக் குறியுங்கள். கிள்ளுவது, மார்பெலும்பைத் தேய்த்துத் தோலை உரிப்பது வேண்டாம். பெற்றோர் பக்கத்தில் நின்றால் எதற்காகச் செய்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

---

முதலாண்டு_பிஜி எழுதியது:

நன்றி மேடம், நன்றி சிஸ்டர். பேச்சு வராத கைக்குழந்தைக்கு இந்த ஸ்கோர் எப்படி? பிறகு அந்த 8, டியூப் விஷயம்?

---

நிலா_ஐசியு எழுதியது:

கிளாஸ்கோ ஸ்கோர் 1974இல் பெரியவர்களின் தலைக்காயத்துக்காக டீஸ்டேலும் ஜெனட்டும் கொண்டுவந்தது. கைக்குழந்தைக்குப் பேச்சுப் பகுதியை மாற்றியிருக்கிறார்கள்: மழலையாகச் சத்தமிட்டால் 5, எரிச்சலோடு அழுதால் 4, வலிக்கு மட்டும் அழுதால் 3, வலிக்கு முனகினால் 2, ஒன்றுமில்லை என்றால் 1. மூளை மலேரியாக் குழந்தைகளுக்காக மலாவியில் உருவான பிளாண்டயர் அளவு இன்னும் எளிது. 0 முதல் 5 வரை, 2 அல்லது அதற்குக் கீழே என்றால் கோமா. எதுவுமே நினைவுக்கு வராத நேரத்தில் அவ்பு அளவு போதும்: விழிப்பு, குரலுக்குப் பதில், வலிக்குப் பதில், பதிலே இல்லை. வலிக்கு மட்டும் பதில் என்பது ஏறக்குறைய 8. எந்த அளவை எடுத்தாலும் அதையே தொடர்ந்து எடுங்கள். ஒரு முறை எடுத்த எண்ணை விட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

டியூப் பற்றி மயக்கமருத்துவன் சார் வந்தால் சொல்வார்.

---

மயக்கமருத்துவன் எழுதியது:

வந்துவிட்டேன். 8க்குக் கீழே டியூப் என்பது தலைக்காயத்தில் பிறந்த விதி. அங்கே அது நல்ல விதிதான். வலிப்பு முடிந்து மயங்கிக் கிடக்கும் குழந்தை 6இல் இருந்து அரை மணியில் 12க்கு ஏறிவிடலாம். அதைப் போய் அவசரமாக மடக்கிப் போட்டு டியூப் போட்டால், வலிப்பு தொடர்கிறதா, நினைவு திரும்புகிறதா என்று பார்க்கும் வழியையும் அடைத்துவிடுகிறோம். நான் பார்ப்பது: விழுங்குகிறதா, இருமுகிறதா, எச்சில் தொண்டையில் தேங்குகிறதா, மூச்சின் அளவு போதுமா, ஸ்கோர் இறங்கிக்கொண்டே வருகிறதா, ஆம்புலன்ஸிலோ ஸ்கேன் அறையிலோ குழந்தையோடு யாரும் நெருங்க முடியாத நேரம் வரப்போகிறதா. கண் பாப்பா விரிந்தாலோ மூச்சு ஒழுங்கு கெட்டாலோ இந்த யோசனைக்கெல்லாம் நேரமில்லை, போட்டுவிடுங்கள்.

போடுவதற்கு முன் ஒரு நிமிடம் கொடுங்கள். பாப்பா இரண்டும் எவ்வளவு, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, நான்கு கைகாலும் அசைகிறதா என்று எழுதிவிட்டு மருந்து கொடுங்கள். தசையைத் தளர்த்திய பிறகு நரம்பியல் மருத்துவர் வந்து என்ன பார்ப்பார்?

கெட்டமின் மண்டை அழுத்தத்தைக் கூட்டும் என்ற பழைய பயத்தை விட்டுவிடலாம். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து அது, ஷாக்கில் உள்ள குழந்தைக்கு அதுதான் எனக்குப் பிடித்தது. டியூப் போட்ட பின் கார்பன் டை ஆக்சைடு அளவு 35-40க்குள் இருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் பேக்கை வேகமாக அழுத்தி 25க்குக் கொண்டுபோனால் மூளை ரத்தக்குழாய் சுருங்கி, இருக்கிற ரத்தமும் குறையும். மூளை பிதுங்கும் அறிகுறி கண்ணெதிரே இருந்தால் மட்டும், வேறு மருந்து உள்ளே போகும்வரை சில நிமிடம் அப்படிச் செய்யலாம்.

---

தனியாள்_டாக்டர் எழுதியது:

சிடி இல்லாத, ஐசியு இல்லாத இடத்தில் தனியாக வேலை பார்ப்பவன் நான். இழையில் இதுவரை வந்தது எல்லாம் எனக்கும் பொருந்துகிறது, அதற்கு முதலில் நன்றி. ஆனால் எல்பியைத் தள்ளிப்போடுவது எனக்கு உறுத்துகிறது. மருந்து உள்ளே போன பிறகு கல்ச்சரில் ஒன்றும் வராது. பிறகு எத்தனை நாள் மருந்து, என்ன கிருமி என்று எப்படி முடிவெடுப்பது?

---

நரம்பு_நாடி எழுதியது:

குழந்தைகள் நரம்பியல். தனியாள்_டாக்டரின் கேள்வி நியாயமானது. மெனிஞ்சோகாக்கஸ் கிருமி முதல் டோஸ் போன இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தண்டுவட நீரில் வளராமல் போகலாம். நிமோகாக்கஸ் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனாலும் செல் எண்ணிக்கை, புரதம், சர்க்கரை ஆகியவற்றின் மாற்றம் அவ்வளவு சீக்கிரம் மறையாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் உதவும். நீங்கள் முன்பே எடுத்த ரத்த கல்ச்சரும் இருக்கிறது. இழப்பு இருக்கத்தான் செய்கிறது, அதைச் சிறியதாக்கலாம். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது எல்பி செய்து மூளை கீழே பிதுங்கிவிட்டால் அந்த இழப்பை எதாலும் சிறியதாக்க முடியாது.

என் கணக்கில் எல்பி காத்திருக்க வேண்டிய குழந்தைகள்: ஸ்கோர் 8 அல்லது கீழே, அல்லது இறங்கிக்கொண்டிருப்பது. பாப்பா சமமில்லை. ஒரு பக்கம் பலவீனம். பார்வை நரம்பு வீக்கம். நாடி குறைந்து ரத்த அழுத்தம் ஏறியிருப்பது. ஷாக். இப்போதுதான் வலிப்பு நின்று இன்னும் தெளியாதது. ரத்தத்தட்டு மிகக் குறைவு, ஊசி போடும் இடத்தில் தோல் தொற்று. முதலாண்டு_பிஜியின் கேஸில் இரண்டு பொருந்துகின்றன. ஆகவே எல்பி இன்று காலை இல்லை, குழந்தை நிலைப்பட்ட பிறகு.

சிடி ஆதரவாளர்களுக்கு ஒன்று. சிடி நார்மல் என்று வந்தால் மண்டைக்குள் அழுத்தம் இல்லை என்று பொருளல்ல. ரத்தக்கசிவு, கட்டி, நீர் தேங்கல், தெளிவான வீக்கம் இவற்றை அது காட்டும். ஆரம்ப நிலை மூளை அழற்சியில் சுத்தமாக இருக்கும். அதனால் எல்பி செய்யலாமா என்பதைப் படுக்கையருகே பார்த்த குழந்தையை வைத்து முடிவு செய்யுங்கள். சிடி அவசரமாகத் தேவைப்படும் இடம் வேறு: அடிபட்டது, ஒரு பக்கக் குறை, காரணம் தெரியாத திடீர் கோமா, தலையில் ஷன்ட் (மூளை நீரை வடிக்கும் குழாய்) உள்ள குழந்தை. ஷன்ட் உள்ள குழந்தை தூங்கி வழிந்தால் வேறு காரணம் நிரூபணமாகும்வரை ஷன்ட் அடைப்புதான், நரம்பியல் அறுவை மருத்துவருக்கு அந்த நிமிடமே போன்.

ஸ்கேன் இல்லாத இடத்திலும் கண் நிறையச் சொல்லும். விழிப்பு நிலைக்கு மூளைத்தண்டின் மேல்பகுதி வேலை செய்ய வேண்டும், கூடவே இரண்டு பக்கப் பெருமூளையில் ஒன்றாவது ஓரளவு நன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கப் பாதிப்பு மட்டும் கோமா தராது. கோமா இருந்தால் மூளைத்தண்டு அழுத்தப்பட்டிருக்கிறது, அல்லது இரண்டு பக்கமும் சேர்ந்து கெட்டிருக்கிறது. ஆழ்ந்த கோமாவிலும் பாப்பா ஒழுங்காகச் சுருங்கினால் வளர்சிதை மாற்றக் கோளாறு, நஞ்சு பக்கம் மனம் போக வேண்டும். ஒரு பாப்பா மட்டும் விரிந்து அசையாமல் நின்றால் அந்தப் பக்க மூளை பிதுங்குகிறது. இரண்டும் ஊசி முனையாக இருந்தால் ஓபியாய்டு, பூச்சிமருந்து, அல்லது மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ரத்தக்கசிவு. சின்ன டார்ச் வெளிச்சத்தில் ஊசிமுனைப் பாப்பா சுருங்குகிறதா என்பது தெரியாது, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். யாராவது ஏற்கெனவே கண்ணில் அட்ரோப்பின் விட்டார்களா என்றும் கேளுங்கள்.

தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் கண் எதிர்ப்பக்கம் போகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. கழுத்தில் அடி இல்லை என்று உறுதியான பிறகு மட்டும்.

---

முதலாண்டு_பிஜி எழுதியது:

சார், அந்தப் பையன் வலிப்புக்குப் பிறகு 45 நிமிடம் ஆகியும் எழவில்லை. வலிப்புக்குப் பின்வரும் தூக்கம் என்று எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

---

நரம்பு_நாடி எழுதியது:

சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்குப் பிறகு குழந்தை ஒரு மணி நேரத்துக்குள் தெளிவை நோக்கிப் போக வேண்டும். முழுதாக எழாவிட்டாலும், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் முன்னேற்றம் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் இரண்டு கேள்வி. காரணம் வேறா? வலிப்பு இன்னும் உள்ளே ஓடுகிறதா?

இரண்டாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். கைகால் உதறல் நின்றிருக்கும், மூளையில் மின்னோட்டம் நின்றிருக்காது. இமையைத் தூக்கிப் பாருங்கள்: கண் ஒரு பக்கமே இழுத்து நிற்கிறதா, துடிக்கிறதா? வாய் ஓரம், கட்டைவிரல் லேசாக ஆடுகிறதா? காரணமில்லாமல் நாடி ஏறி இறங்குகிறதா? எதுவும் தெரியாவிட்டாலும் காரணம் விளங்காத கோமாவில் ஈஈஜி (மூளை மின்னோட்டப் பதிவு) வேண்டும், கிடைத்தால் தொடர் ஈஈஜி.

வெளியே தெரியும் வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் ஸ்டேட்டஸ் (தானாக நிற்காத வலிப்பு) என்றே கருதி சிகிச்சை. லோராசெபாம் கிலோவுக்கு 0.1 மி.கி., லைன் இல்லை என்றால் மிடாசோலாம் கன்னத்துக்குள்ளோ தசையிலோ. 5 நிமிடத்தில் நிற்காவிட்டால் இன்னொரு டோஸ். அதற்கும் மேல் லெவெடிராசிடாம், ஃபாஸ்ஃபெனிட்டாயின், வால்ப்ரோயேட். 2019இல் வந்த எஸெட் ஆய்வில் மூன்றும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை செய்தன, ஒன்றை ஒன்று மிஞ்சவில்லை. ஆகவே கையில் உள்ளதை உடனே கொடுங்கள். லோராசெபாம், மிடாசோலாம் போன்ற பென்சோடயசெபைன் மருந்தில் மூன்றாவது, நான்காவது டோஸ் மட்டும் வேண்டாம், அது மூச்சைத்தான் நிறுத்தும்.

அசைக்ளோவிர் பற்றி மேடம் சொன்னார். ஹெர்பீஸ் பிசிஆர் முதல் மூன்று நாளுக்குள் பொய்யாக நெகட்டிவ் வரலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்தை நிறுத்தாமல் சில நாளில் மறுபடி எல்பி. சிறுநீரகத்தைக் காக்க ஒரு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றுங்கள், உடலில் நீர் குறையவிடாதீர்கள்.

---

மரபணு_மருத்துவர் எழுதியது:

வால்ப்ரோயேட் என்று பார்த்ததும் எழுத வந்தேன். காரணம் தெரியாத கோமாவில், அதுவும் இரண்டு வயதுக்குக் கீழே, அமோனியா முடிவு வரும்வரை வால்ப்ரோயேட் தொடாதீர்கள். வளர்சிதை மாற்ற நோய் உள்ள குழந்தைக்கு அது தீங்காகிவிடும்.

இந்த நோய்களில் ரத்தத்தில் அமோனியா ஏறலாம், ஆகவே அந்தப் பரிசோதனை முதல் ரத்தத்தோடு போக வேண்டும். "எல்லாம் நார்மல், இனி அமோனியா பார்ப்போம்" என்று மூன்றாம் நாள் அனுப்புவதால் குழந்தை இழக்கும் மூளை திரும்ப வராது. டூர்னிக்கே கட்டாமல், தானாக ஓடிவரும் ரத்தத்தை எடுத்து, பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு. தாமதமானால் பொய்யாக ஏறும். 200 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தால் சந்தேகமே இல்லாமல் செயலில் இறங்குங்கள்: புரதத்தை நிறுத்தி, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸை உப்புகளோடு தாராளமாக ஓடவிட்டு, சோடியம் பென்சோயேட் தொடங்கி, டயாலிசிஸ் உள்ள இடத்தோடு பேசுங்கள். 500ஐத் தொட்டால் டயாலிசிஸ்தான். புரதத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள், உடல் தன் தசையையே கரைத்து அமோனியா செய்யும்.

ரத்த வாயுப் பரிசோதனையில் ஒரு தடயம் உண்டு. பச்சிளம் குழந்தை சோர்ந்து கிடக்கிறது, கிருமித்தொற்று என்று நினைக்கிறோம், ஆனால் அமிலம் ஏறவில்லை, மாறாக வேகமாக மூச்சுவிட்டு காரத்தன்மை ஏறியிருக்கிறது. அமோனியா மூச்சு மையத்தைத் தூண்டுவதால் அப்படி. பிறந்து ஓரிரு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை பிறகு மந்தமானால் இந்தத் தடயத்தைத் தேடுங்கள். சர்க்கரை குறைந்த குழந்தைக்கு டெக்ஸ்ட்ரோஸ் கொடுப்பதற்கு முன் ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுக்க முடிந்தால் எடுத்து வையுங்கள். இன்சுலின், கார்ட்டிசால், கீட்டோன் எல்லாம் அந்த நேரத்து ரத்தத்தில்தான் பேசும். ஆனால் அதற்காக டெக்ஸ்ட்ரோஸ் தாமதமாகக் கூடாது.

---

தனியாள்_டாக்டர் எழுதியது:

நஞ்சு பற்றி நானும் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் அதிகம் வருகிறது. "ஏதாவது சாப்பிட்டானா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், ஒவ்வொருவரும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கிறேன். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை, அண்ணனின் வலிப்பு மருந்து, யாரோ ஒருவரின் தூக்க மாத்திரை என்று வெளியே வரும். அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணிப் பார்க்கிறேன்.

சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை நோய் மாத்திரை ஒன்றே சின்னக் குழந்தையின் சர்க்கரையைப் பல மணி நேரம் இறக்கி வைக்கும், ஒரு முறை டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்து எழுந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆக்ட்ரியோடைடு அதற்கு உதவும். ஊசிமுனைப் பாப்பாவோடு மூச்சு மெதுவாக இருந்தால் ஓபியாய்டுக்கு மாற்று மருந்தான நாலாக்சோன். ஊசிமுனைப் பாப்பாவோடு எச்சில், வியர்வை, நாடி குறைவு, உடலில் பூச்சிமருந்து வாடை இருந்தால் அட்ரோப்பின், நெஞ்சுச் சளி காயும்வரை ஐந்து நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாக்கி. உடையைக் கழற்றித் தோலைக் கழுவ மறக்காதீர்கள், நீங்களும் கையுறை போடுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் மயங்கிக் கிடந்தால் கார்பன் மோனாக்சைடு. பல்ஸ் ஆக்சிமீட்டர் அதில் நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும்.

---

நிலா_ஐசியு எழுதியது:

உடையைக் கழற்றுவது நஞ்சுக்கு மட்டுமல்ல. எல்லாக் குழந்தையையும் முழுதாக, முதுகுப்புறம் உட்படப் பாருங்கள். ஊதாப் புள்ளிகள் மெனிஞ்சோகாக்கஸ். தானாக நடக்கத் தெரியாத குழந்தையின் உடலில் சிராய்ப்பு, கன்றிப்போன இடம், சொல்லும் கதைக்குப் பொருந்தாத காயம், உச்சிக்குழி புடைப்பு, விழித்திரையில் ரத்தக்கசிவு இருந்தால், குழந்தையை யாரோ உலுக்கியிருக்கலாம், அடித்திருக்கலாம். அங்கே யாரையும் குற்றம் சாட்டுவது நம் வேலையல்ல. பார்த்ததை அளந்து எழுதுவதும், குழந்தைப் பாதுகாப்புக் குழுவை அழைப்பதும், வீட்டில் உள்ள மற்ற குழந்தைகளை நினைப்பதும் நம் வேலை. இந்த வாய்ப்பை மனதில் வைக்க நமக்கே கூசுகிறது, அதனால்தான் தவறிப்போகிறது.

சோர்ந்து சோர்ந்து போகும் கைக்குழந்தையின் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். குடல் செருகலில் வாந்தி, அழுகைக்கு முன்பே மந்தம் மட்டும் தெரியலாம்.

---

மகளின்_அம்மா எழுதியது:

நான் மருத்துவர் இல்லை. என் மகளுக்கு மூளை அழற்சி வந்து பல நாள் நினைவில்லாமல் இருந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள், படிப்பில் கொஞ்சம் சிரமம் இருக்கிறது. இங்கே எழுதுபவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அங்கே தினமும் ஒருவர் வந்து "ஏழு", "ஆறு" என்று எண் சொல்லிவிட்டுப் போவார். அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் அதை மதிப்பெண் என்று நினைத்து, நூற்றுக்கு ஏழா என்று பயந்திருந்தேன். அவளிடம் பேசலாமா, தொடலாமா என்று கேட்கக்கூடத் தெரியவில்லை. ஒரு சிஸ்டர்தான் "பேசுங்கம்மா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார். எழுவாளா என்று கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன பொருள் டாக்டர்?

---

நிலா_ஐசியு எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. நேராகவே பதில் சொல்கிறேன்.

அந்த எண் 3 முதல் 15 வரை. அதை முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பேசலாம், தொடலாம், வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிடலாம். எவ்வளவு கேட்கிறது என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கவில்லை என்று எண்ணிக்கொண்டு படுக்கையருகே எதையும் பேசக் கூடாது என்பதை என் பிரிவில் விதியாகவே வைத்திருக்கிறேன்.

"பார்க்கலாம்" என்பதற்குப் பின்னால் உண்மையான காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாததுதான் பிழை. கோமாவின் முடிவு அதன் ஆழத்தை விடக் காரணத்தைப் பொறுத்தது. தூக்க மாத்திரை விழுங்கிய குழந்தை ஸ்கோர் 3இல் இருந்து முழு நலத்தோடு எழுந்து போகும். நீரில் மூழ்கி நெடுநேரம் இதயம் நின்ற குழந்தைக்கு நிலைமை வேறு. மூளை அழற்சி நடுவில். இதயம் நின்று மீண்ட குழந்தையிலும் முதல் மூன்று நாளுக்குள், தூக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, உடல் குளிர்ந்திருக்கும்போது முன்கணிப்பு சொல்வது அபாயம். ஒரே ஒரு சோதனையை வைத்தும் சொல்லக் கூடாது. பரிசோதனை, ஈஈஜி, எம்ஆர்ஐ எல்லாம் ஒரே திசையில் காட்டும்போதுதான் வாயைத் திறக்க வேண்டும். ஆனால் அதுவரை மௌனமாக இருக்க வேண்டியதில்லை. "இன்று எங்களுக்குத் தெரிந்தது இது, தெரியாதது இது, நாளை மறுநாள் இந்தப் பரிசோதனைக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லலாம்.

படிப்பில் சிரமம் என்றீர்கள். மூளை அழற்சிக்குப் பிறகு நினைவாற்றல், கவனம், நடத்தை ஆகியவற்றில் குறைகள் மாதங்கள் கழித்தும் தெரியவரும். நரம்புசார் உளவியல் மதிப்பீடு ஒன்று செய்துகொண்டு அந்த அறிக்கையைப் பள்ளியில் கொடுங்கள், சோம்பேறி என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

---

இரவுப்பணி_சிஸ்டர் எழுதியது:

அம்மா, உங்கள் மகளுக்கு என் அன்பு.

நீண்ட நாள் கோமாக் குழந்தைகளைப் பார்க்கும் சிஸ்டர்களுக்கு: இமை மூடாத கண்ணுக்குக் களிம்பு போட்டு மூடுங்கள், கருவிழி புண்ணாகிவிட்டால் எழுந்த பிறகு பார்வை போகும். குழந்தைகளுக்குப் படுக்கைப்புண் பின்னந்தலையில் வரும், காதோரத்திலும் பாருங்கள். கணுக்காலை 90 டிகிரியில் தாங்கி வையுங்கள். நிலைப்பட்டுவிட்டால் முதல் ஓரிரு நாளுக்குள் மூக்குக் குழாய் வழியாக உணவு தொடங்கச் சொல்லி டாக்டரை நச்சரியுங்கள்.

---

முதலாண்டு_பிஜி எழுதியது:

இன்னும் இரண்டு சந்தேகம். மண்டை அழுத்தத்துக்கு மானிட்டாலா, 3 சதவீத சலைனா? ஸ்டீராய்டு எப்போது?

---

நிலா_ஐசியு எழுதியது:

முதலில் மருந்தில்லாத வேலைகள். தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, தலையை நேராக நடுவில் வைத்து, கழுத்தை இறுக்கும் நாடாவைத் தளர்த்தி, வலியையும் காய்ச்சலையும் அடக்குங்கள். பாப்பா சமமின்மை, நாடி குறைந்து அழுத்தம் ஏறுவது, மூச்சு ஒழுங்கு கெடுவது, கைகால் விறைத்து நீள்வது என்று பிதுங்கும் அறிகுறி வந்தால் 3 சதவீத சலைன் கிலோவுக்கு 2 முதல் 5 மி.லி., 10 முதல் 20 நிமிடத்தில். அவசரத்தில் சாதாரண ஐவி லைனிலேயே போகலாம். மானிட்டால் கிலோவுக்கு அரை முதல் 1 கிராம். மானிட்டால் சிறுநீரை வாரி இறைத்து ரத்த அழுத்தத்தைத் தள்ளிவிடும், ஷாக்கில் உள்ள குழந்தைக்கு அதனால் நான் சலைன் பக்கம். இரண்டில் எது அலமாரியில் இருக்கிறதோ அதை நேரத்துக்குக் கொடுப்பது, நல்லது எது என்று வாதிடுவதை விட மேல்.

ஸ்டீராய்டு எல்லா வீக்கத்துக்கும் இல்லை. தலைக்காயத்தில் வேண்டாம், மூளை மலேரியாவில் வேண்டாம். மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கம், ஏடெம் (பெரும்பாலும் தொற்றுக்குப் பின் வரும் மூளை அழற்சி), தன்னெதிர்ப்பு மூளை அழற்சி இவற்றில் உண்டு. பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சலில் கொடுப்பதானால் ஆன்டிபயாட்டிக் முதல் டோஸுக்கு முன்னாலோ கூடவோ.

சர்க்கரை நோய் கீட்டோஅசிடோசிஸில் சிகிச்சை தொடங்கிய முதல் 12 மணி நேரத்தில் தலைவலி, நாடி குறைவு, குழப்பம் வந்தால் மூளை வீக்கம் என்று கருதி, ஸ்கேனுக்கு முன்பே 3 சதவீத சலைன் அல்லது மானிட்டால்.

---

தனியாள்_டாக்டர் எழுதியது:

என் பக்கத்திலிருந்து கடைசியாக ஒன்று, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது பற்றி. கிளம்பும் அவசரத்தில்தான் குழந்தை கெடுகிறது. நான் அனுப்புவதற்கு முன் போன் செய்து, யாரிடம் பேசினேன் என்று எழுதிக்கொள்கிறேன். இரண்டு லைன், மூக்குக் குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்தாயிற்றா, ஆக்சிஜன் சிலிண்டர் பயண நேரத்தைப் போல இரண்டு மடங்கு தாங்குமா, வலிப்பு மருந்தும் 3 சதவீத சலைனும் குழந்தையின் எடைக்கு சிரிஞ்சில் இழுத்துப் பெயர் ஒட்டியாயிற்றா, பேக்-மாஸ்க் தலைமாட்டிலேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆன்டிபயாட்டிக் போன நேரத்தைப் பெரிய எழுத்தில் மேலே எழுதுகிறேன். எல்பி செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்பதையும்.

கூடப் போகும் சிஸ்டரிடம் கால் மணிக்கொரு முறை பாப்பாவும் ஸ்கோரும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். அரை மணிக்கொரு முறை சர்க்கரை. வண்டி ஓடும்போது குளுக்கோமீட்டர் பட்டையில் ரத்தம் சரியாக விழாது, வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்க்கலாம் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

முதலாண்டு_பிஜி எழுதியது:

அந்தக் கடைசி வரியை எங்கள் பிரிவின் அனுப்பும் படிவத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன் சார். கால் மணிக்கொரு முறை எழுத இடமும் அதில் இல்லை. படிவத்தை மாற்றி எழுதி இங்கே போடுகிறேன், எல்லோரும் திருத்திக் கொடுங்கள்.